எது முதலில் தேயும்?

பெரியப்பாவுக்கு முள்ளிப்பட்டில் மூன்று தறி. புட்டா டிசைன்களைச் சேர்த்து வைக்கவும், புடவைப் படங்களை வாட்ஸப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பவும் ஒரு லேப்டாப் வேண்டும் என்றார். ஆரணியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரத் தம்பி திரையைத் திறந்து பளிச்சென்று காட்டினார். பெரியப்பா திரையைப் பார்க்கவே இல்லை. லேப்டாப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதுல எது மொதல்ல தேயும் தம்பி? தேஞ்சா அத மட்டும் மாத்த முடியுமா?"

கடைக்காரத் தம்பியிடம் பதில் இல்லை. தறியில் அச்சுப்பல் வளைந்தால் அச்சை மாற்றுவார்கள். விழுது அறுந்தால் விழுது கட்டுவார்கள். ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கி போனால் அந்த ஒரு கொக்கிதான் மாறும், பெட்டி மாறாது. ஐம்பது வருஷமாக எல்லாச் சாமானிடமும் அவர் கேட்டுவந்த கேள்வியைத்தான் அன்றும் கேட்டார். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

தேயும் வரிசை

லேப்டாப்பில் முதலில் தேய்வது பேட்டரி. தினமும் ஓடும் லேப்டாப்பில் மூன்று நான்கு வருஷத்தில் அதன் தெம்பு பாதியாகிவிடும். பிறகு மின்விசிறி, சார்ஜர் செருகும் ஓட்டை, கீபோர்டு, திரையைத் தாங்கும் கீல். உள்ளே சுழல்வட்டு, அதாவது ஹார்டுடிஸ்க் இருந்தால் அதுவும் இந்த வரிசையில் சேரும். ராம் தேயாது, ஆனால் போதாமல் போகும். இன்று 4 ஜிபியில் ஓடுகிற வேலைக்கு ஐந்து வருஷம் கழித்து 8 ஜிபி கேட்கும். புராசசர் மட்டும் அநேகமாக எல்லாவற்றையும் தாண்டி நிற்கும். கடைகளில் அதிகம் பேசப்படுவது அதைப் பற்றித்தான் என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

மேலே சொன்ன ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மெலிதாக இருக்க வேண்டும் என்பதற்காக இப்போது பல லேப்டாப்களில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒன்றை நானே வாங்கினேன். 4 ஜிபி போதுமா என்று கேட்டதற்கு, "அப்புறமா ஏத்திக்கலாம் சார்" என்றார் விற்றவர். இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் ராம் செருக இடமே இல்லை. கறுப்புச் சில்லுகள் போர்டோடு போர்டாக ஒட்டிக்கிடந்தன. பேட்டரியும் பசைபோட்டு ஒட்டப்பட்டிருந்தது. மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் அந்த லேப்டாப் ஒரு வேலைக்கும் ஆகாமல் போயிற்று.

ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாடலின் பெயரோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று சேர்த்து போனில் தேடுங்கள். லெனோவோ, டெல், எச்பி மூன்றுமே அலுவலகங்களுக்கு விற்கும் மாடல்களுக்கு இந்தக் கையேட்டைக் காசில்லாமல் இணையத்தில் வைத்திருக்கின்றன. எந்தத் திருகு எங்கே, எதைக் கழற்றிய பிறகு எதைக் கழற்ற வேண்டும் என்று படத்தோடு இருக்கும். ஆங்கிலம் வராவிட்டாலும் படம் போதும். ராமைக் கழற்றும் பக்கம் கையேட்டில் இல்லையென்றால், ராமைக் கழற்றவே முடியாது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் ஃபிரேம்வொர்க் என்ற நிறுவனம் 2021-ல் ஒரு லேப்டாப்பை வெளியிட்டது. திருப்புளியையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கிறார்கள். திரை, கீபோர்டு, பேட்டரி, மதர்போர்டு வரை எல்லாவற்றையும் வீட்டிலேயே மாற்றலாம். இந்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. பழுதுபார்க்கும் விவரங்களை நிறுவனங்கள் அதில் தர வேண்டும் என்பது எண்ணம். இரண்டும் நல்ல விஷயம். ஆனால் ஆரணியில் இருக்கும் நமக்கு இதைவிடப் பக்கத்தில், கைக்கெட்டும் விலையில் வழி இருக்கிறது.

பரணில் ஒன்று இருக்கும்

முதல் வழி, பரண். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மூடியில் கோபுர முத்திரையோடு ஒன்று வீட்டில் இருக்கும். அநேகமாகப் பழைய புடவை அட்டைப்பெட்டிக்கு அடியில்.

அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, அதைப்போலவே கணினியை இயக்கும் பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவில்லை. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. மடிக்கணினித் திட்டத்துக்கும் சில ஆண்டுகள் முன்பே, ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. லினக்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கணினியைத் திறந்ததும் கேட்ட இரண்டில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துப் பழகிவிட்டதால் நம் பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி சுழல்வட்டும் இருக்கும். இரண்டே மாற்றம் செய்யுங்கள். சுழல்வட்டைக் கழற்றிவிட்டு அதே அளவுள்ள இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். ராமை 4 ஜிபி ஆக்குங்கள். ராம் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற இரண்டு ராம் வகைகளிலும் விளிம்பில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் இடத்தில் நுழையாது. டிடிஆர்3-லேயே 'எல்' என்று எழுதியது குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவது. 2013-க்குப் பிந்தைய லேப்டாப்கள் பெரும்பாலும் அந்த 'எல்' வகையைத்தான் கேட்கும்.

எஸ்எஸ்டி போட்ட வித்தியாசத்தைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். பொத்தானை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்துவரும் நேரம் எடுத்த லேப்டாப், அடுப்பைப் பற்றவைப்பதற்குள் திறந்து நிற்கும்.

புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் போடப்போகிறோம், போடும் முறை பின்னால் வரும். கழற்றிய பழைய வட்டைத் தூக்கிப்போடாதீர்கள். அழிக்கவும் வேண்டாம். ஒரு உறையில் போட்டு, பெயரெழுதி, பீரோவில் வையுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடப் படங்கள், பழைய விண்டோஸ் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். லினக்ஸ் பிடிக்கவில்லையென்றால் நான்கு திருகைக் கழற்றிப் பழைய வட்டை மாட்டினால் நேற்றைய லேப்டாப் திரும்பிவரும். ஒரே வட்டில் இரண்டையும் போடச் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறவர்கள் உண்டு. புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. இரண்டு வட்டு வைத்திருப்பதில் பயமே இல்லை.

பழையதை வாங்குவது

பரணில் ஒன்றும் இல்லையென்றால் இரண்டாம் கை. சென்னை, பெங்களூர் ஐடி நிறுவனங்கள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவுக்கு வருகின்றன. அங்கிருந்து வேலூர், காஞ்சிபுரம் கடைகளுக்கும் வருகின்றன. அலுவலகத்துக்கென்று செய்தவை என்பதால் கனமாக இருக்கும், அழகு குறைவு, திறந்து வேலைசெய்ய இடம் உண்டு.

நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது லெனோவோ திங்க்பேட் டி480. 2018-ல் வந்தது. இரண்டு ராம் செருகிகள், இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே, மற்றது பின்பக்கம் வெளியிலிருந்தே கழற்றக்கூடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பேட்டரியை எடுத்து வேறொன்றைச் செருகலாம், உள்பேட்டரி தாங்கும். மின்வெட்டு நாளில் இதன் அருமை தெரியும். டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலீட்புக் 840 ஜி5 இரண்டும் இதே காலத்தவை, இவற்றிலும் இரண்டு ராம் செருகிகள் உண்டு. பெயரில் ஒரு எழுத்து கூடினாலும் கவனம் வேண்டும். டி480எஸ் என்றால் ராமில் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டது, செருகி ஒன்றுதான். எக்ஸ்1 கார்பன் என்றால் முழுவதுமே பற்றவைக்கப்பட்டது.

கடையில் நிற்கும்போது இதைச் செய்யுங்கள். லேப்டாப்பை அணைத்து, திரும்ப ஆன் செய்யும்போது எஃப்1-ஐத் தட்டி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போகச் சொல்லுங்கள் (டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10). பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். பழைய நிறுவனம் போட்ட பூட்டு அது. கடைக்காரர் "அது ஒண்ணும் பண்ணாது" என்பார். ஆனால் அந்தப் பூட்டு இருக்கும்வரை பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றுவதற்குத் தேவையான அமைப்புகளை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். அடுத்து, லினக்ஸ் உள்ள பென்டிரைவை நீங்களே கொண்டுபோய் அதிலிருந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஓடினால், பேட்டரி விவரம் காட்டும் 'பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' செயலியில் புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்கள் இருக்கும். பாதிக்கும் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். வீட்டிலேயே ஏதாவது லேப்டாப் அப்படி ஆகியிருந்தால் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். நெம்பாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். பழுதுபார்ப்பவரிடமோ மின்கழிவு வாங்குபவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

தறி வீட்டுப் பஞ்சு

பெரியப்பாவுக்கு டி480-தான் வாங்கினோம். ஒரு வருஷம் கழித்து, "சூடாவுது, உஸ்ஸுனு கத்துது" என்றார். திறந்து பார்த்தோம்.

திறக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பயாஸ் உள்ளே போய், உள்பேட்டரியை முடக்கும் கட்டளையைக் கொடுங்கள். லேப்டாப் தானே அணைந்துவிடும். சார்ஜரையும் பின்பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். அடிமூடியில் ஆறு திருகுகள். இவை மூடியிலேயே தங்கிக்கொள்ளும், கீழே விழுந்து தொலையாது. விளிம்பில் பழைய ஏடிஎம் அட்டையை நுழைத்து மெதுவாக நகர்த்தினால் பூட்டுகள் டப் டப்பென்று விடும். இரும்புக் கத்தி வேண்டாம்.

மின்விசிறிக்கும், சூட்டை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு படலம் இருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். முழுசாக வந்தது. பிசுபிசுப்பான சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி. வெளிச்சத்தில் பிடித்தால் அதில் அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் மின்னின. அந்த வருஷம் தறியில் ஓடிய பாவு நிறங்கள் அத்தனையும் அதில் இருந்தன. பெரியப்பா அதை உள்ளங்கையில் வைத்து, "இது ஆடி மாசம் போட்ட பாவு" என்று ஒரு இழையைக் காட்டினார்.

பட்டு நெய்யும்போது பறக்கும் மெல்லிய துகளை லேப்டாப் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அரிசி ஆலைப் பக்கம் குடியிருந்தால் தவிட்டுத் தூசு. எப்படியானாலும் நம் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும். தூசு போக ஊதும்போது விசிறி இலையை ஒரு குச்சியால் நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதும் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்றால் கெட்டுவிடும். தறிக்குழிக்குப் பக்கத்தில் தரையில் வைக்காதீர்கள். ஒரு பலகை மேல், காற்றோட்டம் உள்ள மூலையில் வையுங்கள்.

நாள் முழுக்கச் செருகியே வைத்திருக்கும் லேப்டாப் என்றால் லினக்ஸில் டிஎல்பி என்ற சிறு நிரலை நிறுவி, 80 விழுக்காட்டோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தச் சொல்லுங்கள். திங்க்பேட் அதைக் கேட்கும். பேட்டரி தேய்வது கண்கூடாகக் குறையும்.

மென்பொருளும் தேயும்

பெரியப்பாவின் கேள்வியில் அவரே எதிர்பார்க்காத ஒரு பதிலும் உண்டு. திருகாணி தேயாவிட்டாலும் விண்டோஸ் தேய்ந்துவிடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன். இன்டெல்லில் 8-ம் தலைமுறைக்கு முந்தைய புராசசர்களை விண்டோஸ் 11 அநேகமாக ஏற்பதில்லை. இரும்பு நன்றாக இருக்கும்போதே மென்பொருளைக் காரணம் காட்டி லட்சக்கணக்கான லேப்டாப்கள் கழிக்கப்படுவது என்னால் தாங்க முடியாத விஷயம். இந்த இடத்தில்தான் லினக்ஸ் நமக்குத் தேவைப்படுகிறது.

4 ஜிபி, அதற்கு மேல் ராம் என்றால் லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2024-ல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. 2 ஜிபி-யோடு நிற்கும் லேப்டாப் என்றால் இன்னும் இலகுவான ஆன்டிஎக்ஸ் போடுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும், அதில் லினக்ஸை எழுத வெண்டாய் அல்லது எட்சர் போன்ற நிரல் ஒன்றும் போதும். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12 தட்டி (எச்பியில் எஃப்9) பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவுவதற்கு முன் அப்படியே ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என நான்கையும் பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால் பதற வேண்டாம். போனை யுஎஸ்பி வயரில் செருகி அதன் இணையத்தைக் கொடுத்து, 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எது நடக்காது என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். டேலி விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பட்டுக்கடை கணக்கை டேலியில் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு கணினியை மாற்ற வேண்டாம். ஜக்கார்டு டிசைனுக்கென்று விற்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸுக்கானவை. நம் ஊர் டிடிபி கடைகளில் அதிகம் இருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டருக்குத் தனி டிரைவர் வேண்டும், லினக்ஸில் அதை ஓடவைப்பது பொறுமையைச் சோதிக்கும். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் ஓடும். ஜிஎஸ்டி தளம், வங்கி, வாட்ஸப் எல்லாம் பிரவுசரில் நடப்பதால் லினக்ஸிலும் நடக்கும்.

தமிழில் எழுத, மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்று தேடி நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் உள்ள கோப்புகளை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு எந்தக் கணினியிலும் படிக்கலாம்.

புட்டா வரைய ஜிம்ப் போதும், காசு கிடையாது. உங்கள் ஜக்கார்டு 240 கொக்கி என்றால் 240 புள்ளி அகலத்துக்குப் புதுப் படம் திறங்கள். ஒரு புள்ளி, ஒரு கொக்கி. பிரஷ் எடுக்காதீர்கள், அது ஓரத்தில் நிறத்தைக் கலக்கும். பென்சில் எடுங்கள். படத்தை 'இன்டெக்ஸ்டு' முறைக்கு மாற்றினால் நீங்கள் வைத்த நிறங்களுக்கு மேல் ஒன்றும் நுழையாது. இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. அங்குலத்துக்குப் பாவிழை எண்ணிக்கையும் ஊடையிழை எண்ணிக்கையும் வேறு வேறாக இருப்பதால் திரையில் வட்டமாகத் தெரியும் புட்டா துணியில் நசுங்கி வரும். 'பிரிண்ட் சைஸ்' பகுதியில் நீளவாக்கு, குறுக்குவாக்கு இரண்டுக்கும் அந்தந்த இழை எண்ணிக்கையைக் கொடுத்து, 'வியூ' மெனுவில் 'டாட் ஃபார் டாட்' என்பதை எடுத்துவிடுங்கள். துணியில் எப்படி வருமோ அப்படியே திரையில் தெரியும். பெரியப்பா அன்று தன் பழைய மயில் புட்டாவைத் திரையில் பார்த்துவிட்டு, "கழுத்து ரெண்டு ஊடை கொறையணும்" என்றார். குறைத்தோம்.

டிசைன் கோப்புகளை இரண்டு பென்டிரைவில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். தாத்தா காலத்து அட்டைக் கட்டு பரணில் இன்னும் இருக்கிறது. வட்டில் மட்டும் இருந்த டிசைன் வட்டோடு போய்விடும். மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்ட் கணினியின் அமைப்பைத்தான் காப்பாற்றும், உங்கள் கோப்புகளை அல்ல.

மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. 2012-ல் தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறது. எதையும் காசில்லாமல் படிக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை. அடிமூடியை மூடுவதற்கு முன் அதன் உட்புறத்தில், மின்விசிறிக்கும் காற்றோட்டத்துக்கும் தள்ளி, ஒரு சிறு தாள் ஒட்டுங்கள். என்ன ராம், என்ன எஸ்எஸ்டி, பேட்டரியின் பாக எண், எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று பேனாவால் எழுதுங்கள். பெரியப்பாவின் டி480-இல் அந்தத் தாளில் இப்போது நான்கு வரி இருக்கிறது. ஐந்தாவது வரிக்கும் இடம் விட்டுத்தான் ஒட்டியிருக்கிறோம்.